பூட்டும்போதே நினைக்க வேண்டிய ஆள்

எங்கள் ஊரில் இரும்புக்கு ஆயுள் குறைவு. மதுரையில் பேரன் காலம்வரை நிற்கும் இரும்புக் கேட், தூத்துக்குடியில் மகன் கல்யாணத்துக்குள் அடிப்பக்கம் உதிரத் தொடங்கிவிடும். கிழக்கே கடல். வடக்கே தருவைகுளம், வேப்பலோடைப் பக்கமும், தெற்கே முத்தையாபுரம் தொடங்கி ஆறுமுகநேரி வரையிலும் உப்பளம். காற்றில் உப்பு, லாரியிலிருந்து ரோட்டில் சொட்டும் நீரிலும் உப்பு. இந்த ஊரில் பிறந்து, துறைமுகத்துப் பட்டறைகளில் ஃபிட்டராக வேலை பார்த்தே வயதாகிவிட்டவன் நான். துருவோடு பழகிய பழக்கம் எனக்கு மனிதர்களோடு பழகியதைவிடக் குறைவில்லை.

துருப்பிடித்தால் இரும்பு அரித்துப்போகும் என்று எல்லோருக்கும் தெரியும். போல்ட்டுக்கும் நட்டுக்கும் வருகிற தொல்லை வேறு. ஈரமும் காற்றும் பட்டு இரும்பு துருவாக மாறும்போது, முன்பு இருந்த இடத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். வெளியே இருக்கிற தகடென்றால் உப்பிச் செதிலாய் விழுந்துவிடும். மரைக்குள்ளே உப்ப இடமேது? இருக்கிற துளி இடைவெளியையும் அடைத்துக்கொண்டு, இரண்டு இரும்பையும் ஒன்றோடொன்று நெருக்கிப் பிடித்துவிடும். உப்பு ஈரத்தை இழுத்துவைத்து இந்த வேலையை இன்னும் வேகமாக்கும். அதனால்தான் சித்திரை வெயிலில்கூட எங்கள் ஊர்க் கார்களின் அடிப்பக்கம் முழுக்கக் காய்வதில்லை.

இந்த எதிரியைச் சின்னதாக நினைத்துவிடக் கூடாது. 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலம் 1964 புயலில் சிதைந்தும் மீண்டு எழுந்தது. புயலால் முடியாததைக் கடற்காற்று செய்தது. இரும்பு அரித்துப்போய், 2022 டிசம்பரில் அதன்மேல் ரயில் விடுவதை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தனிவகைப் பூச்சும் சேர்த்திருக்கிறார்கள். அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் கொடுத்த நிலத்தில் 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில், இரும்பை எப்படிக் காப்பது என்று ஆராய்வதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் அதற்குப் பிரிவுகள் உண்டு. அத்தனை படித்தவர்கள் மல்லுக்கட்டும் சங்கதியோடுதான் நாம் வீட்டு முற்றத்தில் ஒரு ஸ்பானரை வைத்துக்கொண்டு மோதப் போகிறோம்.

என் தம்பி மகன் பழைய மாருதி 800 ஒன்று வாங்கியிருந்தான். 1983 டிசம்பரில் வெளிவந்து, முப்பது வருஷம் ஓடி, 2014-ல் உற்பத்தி நின்ற வண்டி. இன்றைக்கும் அதன் சாமான்கள் கிடைக்கும், வேலையும் கைக்குள் அடங்கும் என்பதால் எனக்கு அந்த வண்டிமேல் ஒரு பிரியம். வேகத்தடை ஏறி இறங்கும்போதெல்லாம் இடது முன்பக்கம் ‘டொக்’கென்று ஒரு சத்தம். ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தை ஆட்டிப் பார்த்தோம். லோயர் ஆர்ம் வண்டியின் சட்டத்தோடு சேருகிற இடத்தில் புஷ் போயிருந்தது. “பட்டறைக்கு விட வேண்டாம் பெரியப்பா, நம்மளே மாத்திருவோம்” என்றான். எனக்கும் அந்த வார்த்தை இனித்தது. முட்டி மடக்க முடியாத வயதில் யாராவது ‘நம்மளே’ என்று சேர்த்துச் சொன்னால் மனசு குளிரத்தான் செய்கிறது.

லோயர் ஆர்ம் என்பது சக்கரத்தை உள்பக்கத்திலிருந்து பிடித்துக்கொண்டு, மேடு பள்ளத்துக்கு ஏற்ப மேலும் கீழும் அசைய விடும் இரும்புக் கை. அதன் வெளி முனையில் பால் ஜாயின்ட், உள் முனையில் புஷ். புஷ்ஷைக் கையில் வாங்கிப் பார்த்தால், வெளியே ஓர் இரும்புக் குழல், நடுவில் ரப்பர், உள்ளே இன்னொரு சின்னக் குழல். அந்தச் சின்னக் குழலுக்குள்தான் போல்ட் போகிறது. மாதக்கணக்கில் நீரும் உப்பும் இறங்கித் தங்குவதும் அதே குழலுக்குள்தான்.

வேலை தொடங்கும்முன் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தூக்கிய வண்டியைத் தாங்க ஸ்டாண்டு வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக் கல்லும் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். கழற்றிய சக்கரத்தையும் வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டுவிட்டால், ஏதாவது தவறினாலும் உடம்புக்கும் வண்டிக்கும் நடுவே அது இருக்கும். முன் ஷாக் அப்சார்பரைச் சுற்றியிருக்கும் சுருள் ஸ்பிரிங் அழுத்தத்தில் இருப்பது. அதற்குரிய கருவியால் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொள்ளாமல் மேலே நடுவிலிருக்கும் நட்டைத் தொடவே கூடாது. எங்களுக்கு அன்று அந்தப் பக்கம் வேலை இல்லை. இருந்தும் பையனிடம் சொல்லிவைத்தேன்.

சக்கரம் வந்தது, பால் ஜாயின்ட்டும் வந்தது. உள் முனை போல்ட்டின் நட்டு மட்டும் அசையவில்லை. பையன் ஸ்பானரை மாட்டி, கால் ஊன்றி, முகம் சிவக்க இழுத்தான். பிறகு எழுந்துபோய்த் தோட்டத்துக் குழாயில் மிஞ்சிய நீளமான பைப் ஒன்றை எடுத்து வந்தான். ஸ்பானர் பிடியில் அதைச் செருகினால் பலம் இரண்டு மூன்று மடங்காகும். கணக்கு சரிதான். ஆனால் அந்தப் பலம் முழுவதும் எங்கே போகும் என்பதையும் யோசிக்க வேண்டும். நட்டின் மூலை மழுங்கலாம், போல்ட் முறியலாம், இரண்டும் தப்பினால் ஸ்டாண்டில் நிற்கும் வண்டி சரியலாம்.

“ஏல, அந்த பைப்பைக் கீழ வை. மொதல்ல எனக்கு ஒரு காப்பி போடச் சொல்லு” என்றேன். வைத்துவிட்டான்.

அந்தப் பையனைப் பார்த்தபோது எங்கள் ஃபோர்மேன் நினைவுக்கு வந்தார். எழுதப் படிக்க அவருக்கு அதிகம் வராது. இரும்பைத் தொட்டால் மட்டும் எல்லாம் தெரியும். கழறாத நட்டு என்று கூப்பிட்டால் கருவியோடு வரமாட்டார். சும்மா வந்து குத்தவைத்து உட்கார்ந்து பார்ப்பார். எந்தப் பக்கம் நீர் இறங்கியிருக்கும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையில் எவ்வளவு துரு, நட்டின் மூலைகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்ப்பார். வயர் பிரஷ்ஷால் நீட்டியிருக்கும் மரையை முதலில் சுத்தம் செய்யச் சொல்வார். உள்ளே சிக்கியிருக்கும் நட்டு வெளியே வரும்போது அந்த அழுக்கு மரையில்தானே ஏற வேண்டும்! நாங்கள் அவசரத்தில் மறக்கிற சங்கதி அது.

அப்புறம் எண்ணெய். மண்ணெண்ணெயில் கொஞ்சம் என்ஜின் ஆயில் கலந்து ஒரு பழைய குப்பியில் எப்போதும் வைத்திருப்பார். மறுநாள் கழற்ற வேண்டிய போல்ட்களுக்கு முந்தின நாள் மாலையே, வீட்டுக்குப் புறப்படும்முன் ஒரு சுற்று போய்ச் சொட்டு விட்டுவிட்டுத்தான் கிளம்புவார். ராத்திரி முழுக்க அது இறங்கும். அந்த நேரத்துக்கு யாரும் கூலி தர வேண்டாம் என்பார். இப்போது கடையில் ஸ்ப்ரே டப்பாவாகக் கிடைக்கிறது. எல்லோரும் பேர் சொல்லும் டபிள்யூ.டி.-40 1953-ல் அமெரிக்காவின் சான் டியாகோவில் ராக்கெட் வேலைக்காகப் பிறந்தது. இரும்பிலிருந்து ஈரத்தை விலக்குவதற்காகச் செய்த பொருள் அது. துருவுக்குள் ஊடுருவி இறங்குவதற்கென்றே தனியாக எண்ணெய்கள் விற்கிறார்கள். எதை வாங்கினாலும் சரி, அடித்த கையோடு ஸ்பானரைப் பிடித்தால் பாதிப் பயன்கூட இருக்காது.

எண்ணெய் விட்டபின் சுத்தியலால் போல்ட்டின் தலையில் நிதானமாகத் தட்டுவார். ஓங்கி அடிப்பதில்லை, ஒரே சீராக, கொஞ்ச நேரம். அந்த அதிர்வில் துருவில் நுண்ணிய விரிசல் விழும், எண்ணெய் அதன் வழியே இறங்கும். பிறகு ஆறு பட்டை சாக்கெட்டை மாட்டுவார். பன்னிரண்டு பட்டை சாக்கெட் மாட்டுவதற்கு எளிது, இறுகிய நட்டின் மூலையை மழுக்குவதும் அதுதான். மாட்டியபின் முதலில் கழற்றும் பக்கம் திருப்ப மாட்டார். துளி இறுக்குவார். துரு பிடித்த பிடி எந்தப் பக்கம் திருப்பினாலும் உடையும். சற்றே இறுக்கும் திசையில் அது உடைந்துவிட்டால் கழற்றுவது எளிது. கால் சுற்று வந்ததும் பாதி திரும்ப இறுக்குவார். மறுபடி எண்ணெய், மறுபடி கால் சுற்று. துருப்பொடி மரையில் அடைத்துக்கொள்ளாமல் இருக்க அதுதான் வழி.

“போல்ட்டு பேசும்ல, காதக் குடு” என்பார். கிரீச் என்று கத்தினால் நல்லது, துரு விடுகிறது என்று அர்த்தம். சத்தமே இல்லாமல் அல்வாவைத் திருகுவதுபோல் இளகி வந்தால் உடனே நிறுத்த வேண்டும். நட்டு நின்ற இடத்தில் நிற்க, போல்ட்டின் உடம்பு முறுக்கிக்கொண்டிருக்கிறது. இன்னும் கொஞ்சம் திருப்பினால் தலை கையோடு வரும். புத்தகத்தில் படித்தால் இது மனதில் நிற்காது. மணிக்கட்டுதான் கற்றுக்கொள்ள வேண்டும். அவசரக்காரனின் மணிக்கட்டுக்கு அது கடைசிவரை கேட்பதில்லை.

ஒருமுறை பழகுநராக வந்த ஒரு பையன், ஒரு பம்ப்பின் மூடியில் இப்படித்தான் போல்ட்டை முறித்துவிட்டான். மறுநாள் காலை பம்ப் ஓடியாக வேண்டும். பையன் அழாத குறை. ஃபோர்மேன் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை, அவனையும் ஒரு வார்த்தை திட்டவில்லை. எல்லோரும் போனபின் விளக்கைப் போட்டுக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். மிச்சத் துண்டின் நடுவைப் பார்த்து சென்டர் பஞ்ச் குத்தச் சொன்னார். முதலில் மெல்லிய டிரில், அப்புறம் பெரியது, பிறகு முறிந்த துண்டை எடுக்கும் கருவியான ஈஸி அவுட்டைச் செருகித் திருகி எடுக்க வேண்டும். டிரில் ஒரு இழை பக்கம் போனாலும் பம்ப் மூடியின் மரை கெட்டுவிடும். அவனையே செய்யவிட்டார். கை நடுங்கும்போதெல்லாம் நிறுத்தச் சொன்னார். துண்டு வெளியே வந்தபோது ராத்திரி வெகுநேரம் ஆகியிருந்தது. இருவரும் ஒரே சைக்கிளில் போனார்கள் என்று காவலாளி மறுநாள் சொன்னார். அந்தப் பையன் பிற்பாடு எங்களில் யாரையும்விட நல்ல ஃபிட்டர் ஆனான். திட்டு வாங்கியிருந்தால் பயந்த ஃபிட்டர்தான் ஆகியிருப்பான்.

நம்ம முற்றத்துக்கு வருகிறேன். அன்றைக்கு எண்ணெய் விட்டு, தட்டி, மறுபடி விட்டு, சாக்கைப் போட்டு மூடிவைத்தோம். ஞாயிறு ஒரே நாளில் முடித்துத் திங்கள் காலை வண்டியில் வேலைக்குப் போகலாம் என்று பையன் நினைத்திருந்தான். பஸ்ஸில் போனான். சாயங்காலம் வந்து மறுபடி சொட்டு விட்டான். நான் பகலில் நடுவே போய்த் தட்டிவைத்தேன். ஒரு நாள் அந்தியில் கிரீச்சென்று ஒரு சத்தம் கேட்டது. நட்டு விட்டது. அவன் போட்ட கூப்பாட்டில் அடுத்த வீட்டு அண்ணாச்சி காம்பவுண்டுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

சந்தோஷம் அங்கேயே நின்றது. நட்டு போன பிறகும் போல்ட் வெளியே வரவில்லை. தலையில் ஸ்பானர் போட்டுத் திருப்பினால் ஆசைகாட்டிக் கொஞ்சம் திரும்புகிறது. விட்டால் பழைய இடத்துக்கே வந்து நிற்கிறது. “வருது பெரியப்பா, வருது” என்று அவன் சொல்லச் சொல்ல எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. போல்ட்டும் புஷ்ஷின் உள்குழலும் ஒன்றாகிவிட்டன. திரும்புவது போல்ட் மட்டுமல்ல. குழலும் சேர்ந்து திரும்புகிறது, நடுவில் பாக்கியிருக்கும் ரப்பர் முறுக்கி முறுக்கித் திருப்பித் தள்ளுகிறது. சுத்தியலால் அடித்தாலும் அடியை ரப்பர் வாங்கிக்கொள்ளும். குழலின் முழு நீளத்துக்கும் துரு. எண்ணெய் நுழைய இரண்டு ஓரத்தைத் தவிர வழியில்லை.

“கேஸ் வச்சு ஒரு சூடு காட்டினா வந்துரும்லா?” என்றார் அண்ணாச்சி. சூட்டுக்குச் சக்தி உண்டு, மறுக்கவில்லை. 12 மில்லிமீட்டர் எஃகை 300 டிகிரி ஏற்றினால் 0.04 மில்லிமீட்டர் விரியும். தலைமுடியின் பருமனைவிடக் குறைவுதான், ஆனாலும் நட்டை மட்டும் சூடாக்கினால் துருவின் பிடி உடைய அது போதும். வெட்டவெளியில் நிற்கிற இரும்பென்றால் நானே சிலிண்டர் கொண்டுவரச் சொல்லியிருப்பேன். இங்கே ஒரு சாண் தூரத்தில் பிரேக் ஹோஸ் ரப்பர், வண்டிக்கு அடியில் பெட்ரோல் குழாய், பக்கத்திலேயே பால் ஜாயின்ட்டின் ரப்பர் உறை. புஷ் ரப்பர் தீப்பற்றினால் வரும் கரும்புகையைச் சுவாசிக்கக் கூடாது. கார்ச் சக்கரத்தைத் தாங்கும் போல்ட் பதம்போட்ட எஃகு. சிவக்கச் சூடாக்கினால் பதம் போய்விடும், அதை மறுபடி பூட்டக் கூடாது. அண்ணாச்சி ஒத்துக்கொண்டார். மெனக்கெட்டு வந்து யோசனை சொல்கிற அயல்வீட்டுக்காரர் கிடைப்பதே பெரிய காரியம். அவரையும் ஒரு முக்காலி போட்டு உட்காரவைத்தோம்.

பொறுமையைப் பற்றி நான் புரிந்துகொண்டது ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் காத்திருந்தால் வழி பிறக்கும் என்று எண்ணுகிறோம். நட்டுக்குக் காத்திருந்தோம், பலன் இருந்தது. இந்தப் போல்ட்டுக்கு இன்னும் ஒரு மாதம் காத்திருந்தாலும் பலன் இல்லை, ஏனென்றால் எண்ணெய் போய்ச்சேர வழியே கிடையாது. எதற்குக் காக்கலாம், எதற்குக் காத்துப் பயனில்லை என்று பிரித்தறிவதும் பொறுமையில் சேர்த்திதான். வெட்டிவிடுவதென்று முடிவு செய்தோம்.

புஷ்ஷுக்கும், போல்ட்டைத் தாங்கும் சட்டத்தின் காதுக்கும் நடுவே மெல்லிய சந்து. அதில் வெறும் ஹேக்ஸா பிளேடு மட்டும் நுழையும், பிடி நுழையாது. பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, பையன் மல்லாந்து படுத்து அறுத்தான். வேகமாக இழுத்தால் பல் மழுங்கும். மெதுவாக, முழு நீளத்துக்கு, இடையிடையே சொட்டு எண்ணெய். கை ஓய்ந்தபோது எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தான். ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம். நான் வெளிச்சம் பிடித்தேன், அண்ணாச்சி ஊர்க்கதை சொன்னார். இரண்டாவது பக்கமும் விட்டதும் ஆர்ம் தானாகக் கையில் விழுந்தது. ஆர்மையும் புஷ்ஷையும் புதிதாக மாற்றுவதாக இருந்தது. அதனால் நஷ்டம் ஒரு போல்ட்தான்.

வெட்டி எடுத்த துண்டைக் கழுவிப் பார்த்தோம். தண்டின் முழு நீளத்திலும் கிரீஸ் பட்ட அடையாளமே இல்லை. காய்ந்த இரும்பைக் காய்ந்த இரும்புக்குள் நுழைத்து இறுக்கியிருக்கிறார்கள். எந்த ஊரில், யார் பூட்டினாரோ தெரியாது. சாயங்கால நேரமாக இருந்திருக்கும், அடுத்த வண்டி காத்துக்கொண்டிருந்திருக்கும், சம்பளம் கொஞ்சமாக இருந்திருக்கும். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருந்தாலும் உண்மை இதுதான்: நாங்கள் பட்ட அத்தனை பாடும் அந்தப் போல்ட் பூட்டப்பட்ட நாளிலேயே முடிவாகிவிட்டது. விரல் நுனி கிரீஸ் அன்றைக்குத் தடவியிருந்தால் ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுக்குள் எங்கள் வேலை முடிந்திருக்கும்.

எங்கள் ஃபோர்மேன் ஓய்வுபெற்று, காலமாகியும் பல வருஷம் கழித்து, கடலோரத்தில் இருந்த ஒரு பம்ப்பை அடித்தளத்தோடு எடுக்க வேண்டி வந்தது. உப்புநீர் தெறிக்கிற இடம். வெளியே பெயின்ட்டெல்லாம் கொப்புளித்துத் துரு பூத்திருந்தது. நிச்சயம் வெட்டத்தான் வேண்டும் என்று கேஸ் சிலிண்டரோடு போனோம். ஸ்பானரை வைத்து ஓர் இழுப்பு இழுத்தோம், நட்டு விட்டது. அதற்குமேல் விரலாலேயே திருகி எடுத்தோம். மரைக்குள்ளே கிரீஸ் கறுத்துக் கெட்டியாகி அப்படியே இருந்தது. யார் கை என்று ஒருவரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்தது. அவர் பூட்டியபோது எங்களில் பாதிப்பேர் வேலைக்கே சேர்ந்திருக்கவில்லை. முகம் தெரியாத எங்களுக்காக ஒருவர் அன்றைக்கு ஒரு நிமிஷம் கூடுதலாகக் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய மரியாதைகளில் அதையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு என் வீட்டு விஷயங்களையும் அந்தக் கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். வீடு கட்டியபோது தரைக்கடியில் தண்ணீர்க் குழாய் எங்கே போகிறது, சுவருக்குள் கரண்ட் ஒயர் எந்தப் பக்கம் ஏறுகிறது என்று ஒரு தாளில் வரைந்து, அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். வங்கிக் கணக்கிலும் காப்பீட்டிலும் வாரிசு நியமனம் எழுதியாயிற்று. பட்டா, பத்திரம், ரசீது எல்லாம் எந்தப் பெட்டியில் என்று மகளுக்கும் மருமகனுக்கும் தெரியும். “எதுக்குப்பா இப்பவே இதெல்லாம்?” என்று மகள் கோபித்துக்கொண்டாள். வீட்டுத் தலைவர் எதுவும் சொல்லாமல் போய்விட்டதால், துக்கம் ஆறுவதற்குள் அலுவலகம் அலுவலகமாக அலைந்த குடும்பங்களைப் பார்த்தவன் நான். இருக்கிறபோது ஒரு மத்தியானம் உட்கார்ந்து எழுதிவைத்திருந்தால் அந்தப் பெண்கள் அப்படி அலைந்திருக்க மாட்டார்கள். பாசம் இல்லாமல் யாரும் விட்டுவிடுவதில்லை. பின்னால் வந்து திறக்கப்போகிறவரின் சிரமம் பூட்டுகிற நேரத்தில் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

புது போல்ட் வாங்குவதில் பையனுக்கு ஒரு பாடம் இருந்தது. முதல் கடையில் அதே நீளம், அதே பருமனில் பளபளவென்று ஒன்று கொடுத்தார்கள். தலையைத் திருப்பிப் பார்த்தேன், ஓர் எண்ணும் இல்லை. சக்கரத்தைத் தாங்கும் இடத்துப் போல்ட்டின் தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்க வேண்டும். 8.8 என்றால் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் 800 நியூட்டன் இழுவிசை வரை அறாது, அதில் எண்பது சதவீதம்வரை நீளாமல் தாங்கும் என்று கணக்கு. கேட்டுக்குப் போடும் சாதா போல்ட் அதில் பாதியளவுதான் தாங்கும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே அழகு. கடைசியில் அந்த வண்டிக்கே உரிய போல்ட்டையும் நட்டையும் ஒரிஜினல் சாமான் கடையில் வாங்கினோம். விலை வித்தியாசம் ஒரு வேளைக் காப்பி பலகாரச் செலவுகூட வரவில்லை.

பூட்டுகிற வேலையை அவனிடமே விட்டேன். சட்டத்தின் காதுகளை வயர் பிரஷ் போட்டுத் தேய்த்து, துருத்தடுப்புப் பெயின்ட் ஒரு கை அடித்தான். காயவிட்டு, புஷ் குழலுக்குள் போகிற தண்டுப் பகுதியில் கிரீஸ் தடவினான். “மரையிலயும் தடவட்டுமா?” என்று கேட்டான். வேண்டாமென்றேன். குறிப்பிட்ட இறுக்கம் சொல்லியிருக்கும் மரையில் கிரீஸ் போட்டால், அதே திருப்புவிசைக்கு போல்ட் அளவுக்கு மிஞ்சி இழுபடும். வீல் நட்டுக்கும் இதே விதி; அதில் கிரீஸ் ஆகாது. பிறகு ஸ்பானர் போடாமல் விரலாலேயே நட்டைச் சில சுற்று ஏற்றினான். விரலுக்கு ஏறாத நட்டு மரை மாறி ஏறுகிறது என்று அர்த்தம்.

இன்னொன்று, பட்டறைகளிலும் பலர் விட்டுவிடுவது. புஷ் போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போது முழுக்க இறுக்கக் கூடாது. அப்படி இறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நாள் முழுக்க இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். சுமாராகப் பிடித்துவைத்து, சக்கரம் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, அதன் எடை சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு. அதுவும் டார்க் ரெஞ்சால், வண்டியின் கையேட்டில் சொன்ன அளவுக்கு. பையன் நெளிந்து உள்ளே போய் அதைச் செய்துவிட்டு வந்தான். அண்ணாச்சியையும் ஏற்றிக்கொண்டு பீச் ரோடு வரை ஓட்டிப் போனோம். வேகத்தடையில் சத்தமில்லை. சக்கரங்களின் நேர்ப்பாட்டை மட்டும் வீல் அலைன்மென்ட் கடையில் சரிபார்க்கச் சொன்னேன். ஆர்மைத் தொட்டால் அது அவசியம்.

கடலோர ஊர்க்காரர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். வண்டியை நீங்களே பிரித்தாலும் சரி, பட்டறையில் விட்டாலும் சரி, புஷ்ஷுக்குள் போகும் போல்ட்களின் தண்டில் கிரீஸ் தடவிப் பூட்டச் சொல்லுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னும், மழை முடிந்து தை பிறந்த பின்னும், வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் அலசிக் காயவிடுங்கள். கிரீஸ் தடவச் சொல்லிப் பக்கத்தில் நின்று கேட்டால் எந்த மெக்கானிக்கும் முகம் சுளிக்க மாட்டார். ஒரு நிமிஷ வேலை.